ஆவடி வெயிலில் லடாக் குளிர்

ஆவடியில் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதே ஊரில் 1987 முதல் இருக்கும் எஞ்சின் தொழிற்சாலையில் பிறக்கிற டி-72, டி-90 டாங்கி எஞ்சின்களோ மைனஸ் 30 டிகிரியிலும் உறுமியாக வேண்டும்! 2020-இல் இந்த ரக டாங்கிகள் கிழக்கு லடாக்கில் போய் நின்றன. அந்தக் குளிரில் எஞ்சினுக்கு முதல் எதிரி யார் தெரியுமா? அதன் வயிற்றில் இருக்கும் ஆயில்!

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் அசையாதே, அதே கூத்துதான். ஆயிலில் இருக்கும் மெழுகு குளிரில் படிகமாகிப் பின்னிக்கொள்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையில் மெழுகைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் தங்கிவிடும்.

சரி, ஆயில் லேபுக்குள் எட்டிப் பார்ப்போமா? ராட்சத இயந்திரமெல்லாம் கிடையாது. ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு தெர்மாமீட்டர், ஒரு குளிர்தொட்டி. 3 டிகிரி இறங்கும்போதெல்லாம் குடுவையை எடுத்துச் சாய்க்கிறார்கள். அசைந்ததா? போ உள்ளே! மறுபடி சாய்ப்பு, மறுபடி உள்ளே. கடைசியில் படுக்கவைத்து 5 விநாடி பிடித்தாலும் ஆயில் கம்மென்று இருக்கும். அந்த வெப்பநிலையோடு 3-ஐக் கூட்டினால் 'போர் பாயிண்ட்'. அட, இவ்வளவுதானா!

இல்லை. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் நகரில், அன்றைய சோதனைகளில் தேறிய ஆயிலே எஞ்சின்களைக் காவு வாங்கியது. மெல்ல மெல்லக் குளிர்ந்ததில் ஆயில் உள்ளுக்குள் கூழ் கட்டியிருந்தது. பம்ப் ஒரு வாய் உறிஞ்சியதும் அந்த இடத்தில் குழி விழுந்தது. சுற்றியிருந்த ஆயில் நகர்ந்து வந்து நிரப்பவில்லை. அடுத்த வாய், வெறும் காற்று! வண்டி ஸ்டார்ட் ஆனதுதான் வினை.

அதன் பிறகு சோதனை மாறியது. இப்போது ஆயிலை இரண்டு நாள் பொறுமையாகக் குளிரவைத்து, அதில் மூழ்கிய சுழலியில் நூலைச் சுற்றி எடையைத் தொங்கவிடுகிறார்கள். எடை இறங்கினால் ஆயிலுக்கு உயிர் இருக்கிறது. நூலும் எடைக்கல்லும், ஐயா! எனக்கு இந்த அடக்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

டாங்கிக்காரர்களுக்கு இன்னொரு உபாயம் உண்டு: ஸ்டார்ட் செய்யும்முன் எஞ்சினைச் சூடேற்ற ஹீட்டர். நம் பைக்குக்கு அதெல்லாம் ஏது? அம்பத்தூர் மெக்கானிக் ஊற்றுகிற 20டபிள்யூ-40 ஆயில், அந்த '20டபிள்யூ'வைப் போட்டுக்கொள்ள மைனஸ் 20-இல் இதே நூல் சோதனையில் தேற வேண்டும். அம்பத்தூருக்கு எதற்கு மைனஸ் 20 என்கிறீர்களா? பைக்கைக் கிளப்பிக்கொண்டு லடாக் போகிறேன் என்று வீட்டில் சண்டை போடும் பையன் இல்லாத தெரு எது?