கடவுள் ஆள்கிறார் என்றால், சிலுவை எதற்கு?

துக்க வீட்டிலோ மருத்துவமனை வராந்தாவிலோ ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தால் இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று, "எல்லாம் ஆண்டவர் சித்தம்." இன்னொன்று, "அவர் நம்மைக் கைவிட மாட்டார், நேசிக்கிறார்." எல்லாம் அவர் கையில் இருந்தால் இந்தத் துன்பம் ஏன், நேசிக்கிறவர் இதை ஏன் தடுக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. கிறிஸ்தவப் போதனையின் நடுவிலேயே இருக்கும் கேள்வி அது.

இறையாண்மை என்றால் என்ன?

உலகில் எதுவும் கடவுளின் கைமீறிப் போவதில்லை, கடைசி முடிவு அவருடையது என்ற நம்பிக்கைதான் இறையாண்மை (சபைகளில் 'தேவனுடைய ஆளுகை' என்பார்கள்). நடப்பதெல்லாம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. கொலையும் அநியாயமும் நடக்கின்றன. அவற்றை அவர் வெறுக்கிறார் என்றே வேதாகமம் சொல்கிறது.

தியாக அன்பு என்றால்?

இன்னொருவர் வாழ்வதற்காக, நமக்கு வரும் இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வது. மனதில் பாசம் பொங்க வேண்டும் என்பதுகூட இல்லை. மனமுவந்து செய்வதுதான் முக்கியம்.

இரண்டும் எங்கே சேர்கின்றன?

இயேசு கைதான இரவைப் பாருங்கள். ஒலிவ மலை அடிவாரத்தில் கெத்செமனே தோட்டம். கூட வந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள். அவர் தரையில் முகங்குப்புற விழுந்து, வரப்போகும் சிலுவைத் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடுகிறார். அதன் பிறகே தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார். ஆளுகையும் தியாக அன்பும் அங்கேதான் சேர்கின்றன. ஆகவே, "இது எனக்கு வேண்டாம்" என்று கடவுளிடம் அழுது கேட்பது தவறில்லை.

பெற்ற மகனைப் பலி கொடுப்பவர் எப்படி அன்பானவர்?

இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் (இதைத் திரித்துவம் என்பார்கள்) என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அதன்படி கடவுள் யாரோ ஒருவரைப் பிடித்துத் தண்டிக்கவில்லை; தாமே வந்து இழப்பை ஏற்றார். தம் உயிரை யாரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக இயேசு சொன்னதை யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். ஆளுகிறவர் தம் அதிகாரத்தைக் காட்டிய விதமே தம்மைக் கொடுத்ததுதான்.

எல்லாம் கடவுளின் திட்டம் என்றால், இயேசுவைக் கொன்றவர்கள்மேல் குற்றம் இல்லையா?

உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு, அது கடவுளின் திட்டம் என்பதையும், கொன்றது மனிதரின் அக்கிரமம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இவை எப்படிப் பொருந்துகின்றன என்று சபைகள் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கின்றன. நெதர்லாந்தில் 1618–19இல் கூடிய டார்ட் மாமன்றம், கால்வின், ஆர்மீனியஸ் என்ற இறையியலாளர்களின் வழிவந்தவர்களுக்கு இடையே எழுந்த இத்தகைய வழக்கைத்தான் விசாரித்தது. ஆனால் தீமை செய்தவன் கடவுளின் திட்டத்தைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது என்பதை இரு தரப்பும் ஏற்றன.

மனிதரால் இப்படி நேசிக்க முடியுமா?

1941 ஜூலை இறுதி, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பட்டினி போட்டுக் கொல்லப் பத்துப் பேரைப் பொறுக்குகிறார்கள். அவர்களில் ஒருவரான ஃப்ரான்சிஷெக் கயோவ்னிச்செக், "என் மனைவி, பிள்ளைகள்" என்று கதறுகிறார். மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்துத் துறவி வரிசையை விட்டு வெளியே வந்து, அவருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொல்கிறார். ஏறக்குறைய இரண்டு வாரம் நிலவறையில் பட்டினி. அப்போதும் உயிர் போகாததால், ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். கயோவ்னிச்செக் பிழைத்து, 1995 வரை வாழ்ந்தார். ஆனால் யாருக்காகக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் போரில் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தப் பின்பகுதியை விட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது. தியாகம் என்பது கடவுளோடு போடும் பேரம் அல்ல. 'நான் இவ்வளவு கொடுத்தேன், நீர் இதைக் காப்பாற்றும்' என்று கணக்குத் தீர்க்க முடியாது.

இனி உங்கள் வாழ்க்கைக்கு வருவோம்.

எனக்கு வந்த துன்பம் என் பாவத்துக்குத் தண்டனையா?

அப்படி முடிவுகட்ட யாருக்கும் உரிமை இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றார் இயேசு (லூக்கா 13). உங்களைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால், அதை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சித்தம்போல் நடக்கட்டும் என்று மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. அப்போஸ்தலர் பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். ஜெபிப்பதும் மாத்திரை விழுங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பதா?

இல்லை. இயேசுவின்மேல் கல்லெறிய வந்தபோது அவர் விலகிப் போனார். பவுல் கூடையில் இறங்கி தமஸ்குவிலிருந்து தப்பினார். கோல்பேயை யாரும் வரிசையிலிருந்து தள்ளவில்லை, தானாக வந்தார். தியாகம் ஒருவர் தாமாகக் கொடுப்பது. "நீ பொறுத்துப் போ" என்று இன்னொருவரிடம் கேட்டு வாங்குவதற்குப் பெயர் தியாகம் அல்ல. வீட்டில் ஆபத்து என்றால் வெளியேறுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் 181க்கு அழைக்கலாம். மன்னிப்பு என்பது அடிக்கு மறுபடி முதுகைக் காட்டுவது அல்ல.

துக்க வீட்டில் என்ன சொல்வது?

"ஆண்டவர் சித்தம்" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். இழந்தவர் தாமாக அதைச் சொன்னால் அது விசுவாசம். நாம் சொன்னால் வாயை அடைப்பதாகிவிடும். இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதாக இருந்தும் இயேசு அழுதார். நீங்களும் பக்கத்தில் இருங்கள். அந்த வீட்டுக்கு மூன்று வேளை சாப்பாடு போகிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் நானும் உயிரைக் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் அப்படி ஒரு நிலை வருவதில்லை. முதலாம் யோவான் நிருபம் 3ஆம் அதிகாரம், பிறருக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த வசனத்திலேயே கையில் காசு இருந்தும் இல்லாதவனைப் பார்த்து மனதை அடைத்துக்கொள்கிறவனைக் கேள்வி கேட்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை ஒரே மருமகள் பார்த்துக்கொண்டிருந்தால், வாரத்தில் ஒரு நாள் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செய்தாலும் போதவில்லையே?

இறையாண்மை ஆறுதலாவது இங்கேதான். முடிவு கடவுளின் கையில் என்றால், எல்லாரையும் காப்பாற்றும் பாரம் உங்கள் தலையில் இல்லை. உங்களால் முடிந்ததை முழு மனதோடு செய்துவிட்டு, களைத்தால் ஓய்வெடுக்கலாம். பலன் தெரியாமல் போனாலும் மறுபடி கொடுக்கலாம். அவர் ஆள்கிறார் என்று நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, துணிந்து நேசிக்கலாம்.