அப்பாவின் கல்லீரலையே பிள்ளையின் உடல் ஏன் எதிர்க்கிறது?

1998. டெல்லி அப்போலோ மருத்துவமனையில் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அது. சொந்த அப்பாவின் கல்லீரல்தானே, பிறகு எதற்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரை?

ஒரு வீட்டு வாசலில் இராஜபாளையம் நாய் படுத்திருப்பதாக வையுங்கள். வீட்டாரின் வாடை அதற்கு அத்துப்படி. வெளியூர்ப் பெரியப்பா வந்தாலும் பாயும்.

நம் ரத்தத்தின் டி செல்களும் அப்படித்தான். செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களே வாடை. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது பாதிதான், மீதி அந்நியம்.

ஒரு நாய் குரைத்தால் தெருவே கூடுமல்லவா? டாக்ரோலிமஸ் மாத்திரை அந்தக் குரைப்பை அடக்குகிறது. டி செல் பெருகச் சொல்லும் சமிக்ஞை உள்ளேயே நின்றுவிடும். 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்த மருந்து இது.

ஆனால் திருடன் வந்தாலும் குரைப்பு மந்தம்தான். கிருமித் தொற்று எளிதில் வரும். அளவு கூடினால் சிறுநீரகம் கெடும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பம்பளிமாஸ் பழம்கூட மருந்தின் அளவை ஏற்றிவிடும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

முழு உறுப்புக்குப் பதில் கல்லீரல் செல்களை மட்டும் செலுத்தினால்? அங்கும் இதே பகைதான். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அனில் தவான் குழு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் செல்களை அடைத்துக் குழந்தைகளின் வயிற்றறைக்குள் செலுத்தியது. மணியின் நுண்துளை வழியே சத்து போகும், டி செல் நுழையாது. எதிர்ப்படக்கி மாத்திரையே தேவைப்படவில்லை. எட்டுக் குழந்தைகளில் நால்வர் மாற்று அறுவையின்றியே பிழைத்தார்கள்.