மரம் எண்ணெய் குடிக்குமா?

கிடார் வாங்கி ஓராண்டு ஆனதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடும். வாங்கும்போது கருகருவென்று இருந்த விரல்பலகை இப்போது வெளிறிக் கிடக்கிறது. ஃபிரெட்டுகளின் ஓரத்தில் அழுக்கு அப்பியிருக்கிறது. என்ன தடவலாம்? கடைக்காரர் எலுமிச்சை எண்ணெய் என்பார். சொல்லித்தரும் மாஸ்டர் ஆளிவிதை எண்ணெய் என்பார். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கவே இருக்கிறது. ஆளுக்கொரு எண்ணெயைச் சொன்னாலும் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்றுதான்: மரம் காய்ந்துவிட்டது, அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டும்.

கோளாறு இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. மரம் காயும்போது இழப்பது தண்ணீரை. அந்தத் தண்ணீர் இருந்த இடத்தை எந்த எண்ணெயாலும் ஈடுகட்ட முடியாது. எண்ணெய்க்கு வேறு வேலைகள் உண்டு. எது எதைச் செய்யும் என்று பிரித்துப் பார்த்துவிட்டால், எந்தப் புட்டியை வாங்குவது என்பது எளிதாகிவிடும்.

மூன்று மரங்கள்

விரல்பலகை என்பது கிடாரின் கழுத்தின் மேல் ஒட்டிய மெல்லிய பலகை. பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன் குறுக்கே வெட்டிய காடிகளில் ஃபிரெட் கம்பிகளை அறைந்து இறக்கியிருப்பார்கள். நெடுங்காலமாக இந்தப் பலகைக்கு மூன்று மரங்கள்தான் அதிகம் பயன்படுகின்றன.

முதலாவது ரோஸ்வுட். ஒரு காலத்தில் பிரேசில் ரோஸ்வுட்டுக்குத்தான் மவுசு. அது கிடைப்பது அரிதானபோது, 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் கிடார்களுக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்றும் சொல்வோம். இரண்டாவது கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் வகையும் உண்டு, ஆப்பிரிக்க வகைகளும் உண்டு. நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் தொட்டால் கல்லைப்போல வழவழவென்று இருக்கும். மூன்றாவது வட அமெரிக்காவின் மேப்பிள்.

பூச்சு விஷயத்தில் மேப்பிளின் வழி தனி. வெளிர் நிறம் என்பதால் அழுக்கு சட்டென்று தெரிந்துவிடும். அதனால் தொழிற்சாலையிலேயே அரக்கோ பாலியூரித்தேனோ பூசி மூடிவிடுவார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் 1950களின் மேப்பிள் பலகைகளில், வாசிக்க வாசிக்கப் பூச்சு தேய்ந்து, விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்தன. 1958இல் ஜாஸ்மாஸ்டர் கிடாரை ரோஸ்வுட் பலகையோடு வெளியிட்ட அந்த நிறுவனம், அடுத்த ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் அதையே வைத்தது. ஈட்டியும் கருங்காலியும் பெரும்பாலும் பூச்சில்லாத வெற்று மரமாகவே வரும். எண்ணெய் தடவுவதா வேண்டாமா என்ற கேள்வி இவை இரண்டுக்கும்தான். பூச்சு மூடிய பலகையில் எண்ணெய் இறங்க வழியே இல்லை. மேலே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

அரை மில்லிமீட்டர் கணக்கு

ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது. சித்திரையில் தானாக இளகிவிடுகிறது. விரல்பலகையிலும் இதுவேதான் நடக்கிறது. மரத்தின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோசும் ஹெமிசெல்லுலோசும் காற்றிலிருக்கும் நீராவியைப் பிடித்துக்கொள்ளும். காற்று வறண்டால் விட்டுவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் சென்னை வீட்டில் நாள்கணக்கில் கிடந்தால் மரத்தின் ஈரம் அதன் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காட்டில் வந்து நிற்கும். அதே கிடார் 45 விழுக்காடு ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறைக்குக் குடிபோய் வாரக்கணக்கில் இருந்தால் அது 8 விழுக்காட்டுக்கு இறங்கும்.

இதனால் பலகை எவ்வளவு சுருங்கும்? பச்சை மரம் முழுதாகக் காய்வதற்குள் இந்திய ஈட்டி, ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 விழுக்காடும், ஆரத்தின் போக்கில் 2.7 விழுக்காடும் சுருங்கும். மரம் சுருங்கத் தொடங்குவது ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகுதான். ஆக, 14இலிருந்து 8க்கு இறங்குவது மொத்தச் சுருக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 55 மில்லிமீட்டர் அகலப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை ஒடுங்கும். கருங்காலி இதைவிட அதிகம் ஒடுங்கும். பலகை ஒடுங்கினாலும் அதில் இறங்கியிருக்கும் உலோக ஃபிரெட் ஒடுங்காது. அதன் முனைகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். கையைக் கழுத்தோரமாக ஓட்டினால் ரம்பத்தைத் தொட்டதுபோல் கிழிக்கும். வறட்சி இன்னும் கடுமையானால் பலகை வெடிக்கும்.

எண்ணெய் தடவினால் இது நிற்குமா? அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம், எந்தப் பூச்சு மரத்துக்குள் ஈரம் போவதை எவ்வளவு தடுக்கிறது என்று பல பூச்சுகளை அளந்து பார்த்திருக்கிறது. உருகிய பாரஃபின் மெழுகில் தோய்த்த மரம் முன்வரிசையில் நின்றது. ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசிய மரமோ, இரண்டு வாரத்தில், எதுவும் பூசாத மரத்தின் நிலைக்கே வந்துவிட்டது. இதற்கே இப்படியென்றால் துணியில் தொட்டுத் துடைக்கும் நாலு சொட்டு எண்ணெய் எதைத் தடுக்கும்? வெளிறிய பலகை எண்ணெய் பட்டதும் கறுத்துப் பளபளப்பது உண்மைதான். நுண்துளைகளிலும் கீறல்களிலும் சிதறிக்கொண்டிருந்த ஒளி, எண்ணெய் நிரம்பியதும் சிதறாமல் உள்ளே போகிறது. நிறம் ஆழமாகத் தெரிகிறது. நம் கண்ணுக்குத்தான் அது புத்துயிர். மரத்தின் ஈரம் இருந்தபடியேதான் இருக்கிறது.

எண்ணெயிலும் இரண்டு சாதி

எண்ணெய்களைக் காய்பவை, காயாதவை என்று பிரிக்கலாம். வித்தியாசம் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயில் நிறைந்திருக்கும் லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றின் ஆக்சிஜன் அவற்றைத் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாகிவிடும். இந்தப் பிணைப்புகளின் அளவைச் சொல்வது அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 6 முதல் 11 வரைதான்.

சமையலறைப் புட்டிகள் ஏன் உதவாது என்பதற்கு இந்த எண்களே பதில். தேங்காய் எண்ணெய் காயவே காயாது. மார்கழிக் குளிரில் துளைகளுக்குள் வெள்ளையாக உறைந்தும் நிற்கும். நல்லெண்ணெய் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்: முழுதாகக் காயாமல், திரவமாகவும் இல்லாமல் பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளாக நாளாகச் சிக்கு வாடையும் அடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய் நன்றாகவே காயும். ஆனால் ஈட்டி மரத்திடம் அதன் ஜம்பம் சாயாது. கறையானையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் ஈட்டியைக் காப்பவை அதன் வைரத்தில் ஊறியிருக்கும் ஃபீனால், குயினோன் வகைச் சேர்மங்கள். எண்ணெய் காய்வது தனி உறுப்புகள் (free radicals) எனும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகளின் சங்கிலி வினையால். இந்தச் சேர்மங்கள் அந்தத் தனி உறுப்புகளைப் பிடித்து வினையையே முடக்கிவிடும். அதனால் ஈட்டியின் மேல் ஆளிவிதை எண்ணெய் இழுத்துக்கொண்டே போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காயும்போது வெப்பம் வெளிப்படுவதால், அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றலாம். துணியை விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையேல் தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும்.

கடைகளில் ‘எலுமிச்சை எண்ணெய்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கனிம எண்ணெயில் கொஞ்சம் வாசனையும் கரைப்பானும் கலந்தவையே. கனிம எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இல்லை. காயாது, சிக்கு வாடை அடிக்காது, பிசுக்காகாது. உண்மையான எலுமிச்சைத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன்; அது அழுக்கைக் கரைக்கும், பிறகு பறந்துவிடும். ஆக, இந்தப் புட்டி செய்வது துப்புரவும் பளபளப்பும். அந்த அளவில் நல்ல பொருள்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் கனிம எண்ணெய்தான். சிலிகான் கலந்த மேசை பாலிஷை மட்டும் பக்கத்திலேயே விடாதீர்கள்; பிற்பாடு எந்தப் பூச்சும் அந்த மரத்தில் சீராகப் பிடிக்காது.

எப்படிச் செய்வது?

முதலில், பலகையில் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் பெயரை வைத்து முடிவுகட்டக் கூடாது. ரிக்கன்பேக்கர் போன்ற நிறுவனங்கள் ரோஸ்வுட் பலகைக்கும் பூச்சு கொடுக்கின்றன. கடைசி ஃபிரெட்டுக்கு அப்பால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது: ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். பரவி மரம் கறுத்தால் அது வெற்று மரம்.

வெற்று மரத்திலும் முதல் வேலை அழுக்கெடுப்பதுதான். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. முகத்தையும் தலைமுடியையும் தொடும்போது கையில் ஒட்டிய எண்ணெய், உதிர்ந்த தோல், வியர்வை உப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஃபிரெட்டின் ஓரத்தில் படியும் அந்தக் கறுப்பு மாவு. ஃபிரெட்டிலிருக்கும் செம்பு வியர்வையோடு வினைபுரிவதால் பச்சையும் ஏறும். தந்திகளைக் கழற்றிவிட்டு, பழைய பல்துலக்கியால் ஃபிரெட்டை ஒட்டி மென்மையாகத் தேய்த்தெடுங்கள். மின்கிடார் என்றால் இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு, விரும்பினால், துணியில் சில சொட்டு கனிம எண்ணெய் விட்டுப் பலகை முழுக்கத் தடவுங்கள். சில நிமிடம் விட்டு, கையில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் தேவையில்லை. மாதாமாதம் ஊற்றினால் எண்ணெய் ஃபிரெட் காடிகளில் இறங்கும். ஃபிரெட் மாற்ற வேண்டிவரும்போது பசை பிடிக்காது.

எது முக்கியம்?

இதையெல்லாம்விட முக்கியமான பொருள் ஒன்று உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி. கிடார் தயாரிப்பாளர்கள் பலரும் பரிந்துரைப்பது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். கிடாரைப் பெட்டிக்குள் வைத்து, கூடவே ஈரப்பதமானியையும் வையுங்கள். ஈரம் ஏறினால் சிலிக்கா ஜெல், இறங்கினால் ஈரம் கொடுக்கும் பொட்டலம். குளிரூட்டியின் காற்று நேரே படும் சுவரில் கிடாரை மாட்டாதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992இலேயே தடைசெய்யப்பட்டது. 2017இல் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல்தான் விலக்குக் கிடைத்தது. ஒரு மரம் வைரம் பாய்ந்து பலகைக்குத் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய மரத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அந்தப் பலகையை இன்னொரு தலைமுறையும் வாசிக்கும்படி வைத்திருப்பதுதான். அதற்கு ஈரப்பதமானி முதலில், துடைக்கும் துணி அடுத்து, எண்ணெய்ப் புட்டி கடைசியில்.