பாதையை மூடிய பனியும் பாதையைத் திறந்த சட்டமும்

மருத்துவமனை இருந்தது. அறுவை செய்ய டாக்டர்கள் இருந்தனர். ஏந்திச் செல்லத் தந்தையின் கரங்கள் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: பாதை! கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றோர் சிற்றூர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலம். குடல்வால் நோய் முற்றி, சீழ் வயிற்றினுள் பரவித் துடித்த இரண்டு வயதுப் பாலகன் இவோன், பனிப்புயல் சாலையை மூடிவிட்டதால் மருத்துவமனை சேர முடியாமல் மாண்டான்.

அந்தப் பாலகனின் தந்தை யார்? பனிமீது ஓடும் வண்டியொன்றைச் செய்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பாடுபட்டுவந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர்! ஊருக்காக அவர் கனவு கண்ட வண்டி, தன் வீட்டுக்குத் தேவைப்பட்ட நாளில் கைக்கு வரவில்லை. இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

1907இல் பிறந்த அவரைப் பாதிரியாராக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். பையனின் நாட்டமோ இயந்திரத்தின்மீது. 15 வயதில், 1922இல், பழைய போர்டு மோட்டார் எஞ்சினைச் சறுக்குக் கட்டைகள்மேல் ஏற்றி, விமானத்தைப்போல விசிறி பூட்டி, பனியிலே ஓட்டிக் காட்டினார். சுழலும் விசிறி யார் உயிரைக் குடிக்குமோ என்றஞ்சிய தந்தை, வண்டியைப் பிரித்துப் போடச் சொன்னார். 1926இல், 19 வயதில், சொந்தமாக மோட்டார் பட்டறை திறந்தார். கோடையில் கார்களைப் பழுது பார்ப்பது, குளிர்காலத்தில் பனிவண்டி ஆராய்ச்சி. இதுவே அவர் வாழ்க்கையாயிற்று.

மகனை இழந்த மறு ஆண்டு, 1935இல், வழி பிறந்தது. பனியில் சாதாரணச் சக்கரம் புதையும். ஆகவே ரப்பர் போர்த்திய பற்சக்கரம் ஒன்றைச் செய்து, அது ரப்பர் பட்டையைப் பற்றி இழுக்குமாறு அமைத்தார். வண்டியின் பாரம் பட்டை முழுவதிலும் பரவியதால் பனியில் அமிழவில்லை. முன்னால் இரு சறுக்குக் கட்டைகள் வண்டியைத் திருப்பின. 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் ‘பி-7’ வண்டி வந்தது. 1942இல் பன்னிருவர் அமரும் ‘பி-12’ வந்தது. அதே ஆண்டில் கம்பெனியும் பதிவாயிற்று.

அந்த வண்டிகளில் யார் போனார்கள்? நோயாளியைத் தேடி டாக்டர் போனார். தபால் போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். இவோனுக்குக் கிடைக்காத வழி, எத்தனையோ குழந்தைகளுக்குக் கிடைத்தது! உலகப்போர் வந்தபோது அரசு கட்டுப்பாடு விதித்தது. பிழைப்புக்கு இன்றியமையாதது என்று காட்டியவர்களே பனிவண்டி வாங்க முடிந்தது. பட்டறை இராணுவத்துக்கும் வண்டி செய்து கொடுத்தது.

பிறகுதான் வந்தது சோதனை. 1948இல் கியூபெக் அரசு ஒரு சட்டம் செய்தது. நெடுஞ்சாலைகளிலும் கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றியாக வேண்டும் என்றது அச்சட்டம். சாலை திறந்தது, வண்டி விற்பனை படுத்தது! ஒரே ஆண்டில் ஏறக்குறையப் பாதி விற்பனை போயிற்று.

நாம் கேட்கிறோம்: அரசு செய்தது தவறா? ‘தொழில் நசிந்ததே, முதல் முடங்கியதே’ என்று முதலாளிகள் சார்பில் வழக்காடுவோர் உண்டு. அவர்களுக்கு நமது பதில் இது: பனிவண்டியை விலை கொடுத்து வாங்க வல்லவன் வீட்டுக் குழந்தை பிழைத்தால் போதுமா? வாங்க வகையற்ற விவசாயியின் குழந்தை குழந்தையல்லவா? வண்டி சிலருக்குத்தான் உதவும். திறந்த பாதை ஊருக்கெல்லாம் உதவும். ஒரு கம்பெனியின் வரவு குறையுமே என்று ஊர்ப்பாதையை அடைத்துவைக்க எந்த நல்லரசும் ஒப்பாது.

பொம்பார்டியர் என்ன செய்தார்? சாலையே இல்லாத இடங்களைத் தேடினார். 1953இல் சதுப்பு நிலத்திலும் ஓடும் ‘மஸ்கெக்’ டிராக்டரைப் படைத்தார். காடு வெட்டுவோரும் எண்ணெய் தேடுவோரும் அதை வாங்கினர். எடை குறைந்த எஞ்சின்கள் கிடைத்ததும் பழைய ஆசை தளிர்த்தது. 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு பனிவண்டி ‘ஸ்கி-டூ’ பிறந்தது. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாற்று என்பதால் ‘ஸ்கி-டாக்’ என்றே பெயரிட நினைத்தார்களாம். அச்சுப் பிழையால் ‘டூ’ ஆயிற்று என்பர். வட ஒண்டாரியோவில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய பாதிரியாருக்கு முதல் வண்டிகளில் ஒன்று போயிற்று. முதற்பருவத்தில் விற்றவை 225; 1963-64இல் 8,210! ஆயினும், சுட்ட விரலை மறவாத அவர், அந்த ஒன்றையே நம்பியிருக்கத் தயங்கினார். 1964 பிப்ரவரியில், 56 வயதில் மறைந்தார்.

அவர் அஞ்சியது வீணல்ல. பனிவண்டி பலருக்கு விளையாட்டு வண்டியாகி விற்பனை கொழித்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அது சரிந்தது. மருமகன் லோரான் பொதுவான் தலைமையில் கம்பெனி 1974இல் மாண்ட்ரியல் சுரங்க ரயிலுக்குப் பெட்டி கட்டும் பணியைப் பெற்றது. 1986இல் கனடேர் விமான நிறுவனத்தையும் வாங்கிற்று. 2003இல் பனிவண்டிப் பிரிவையே விற்றுவிட்டது! வாங்கியோரில் பொம்பார்டியர் குடும்பமும் உண்டு. அதுவே இன்றைய பி.ஆர்.பி. கம்பெனி. ரயில் பிரிவு 2021இல் பிரெஞ்சுக் கம்பெனியான அல்ஸ்தோமுக்குப் போயிற்று. தாய்க் கம்பெனி வாங்கிச் சேர்த்ததில் பெரும்பகுதி கைமாறிவிட, பட்டறையில் முளைத்த பனிவண்டியோ வால்கூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கரடுமுரடான நிலத்தில் ஓடும் ‘கேன்-ஆம்’ வண்டிகளோடு இன்றும் வாழ்கிறது.

ஒரு தந்தையின் கண்ணீர் இயந்திரமாயிற்று, வாழ்த்துகிறோம். ஆனால் பாலகன் உயிர் பிழைக்க, தந்தை மேதையாக இருந்தாக வேண்டும் என்ற நிலை ஒரு நாட்டுக்கு அழகல்ல. மேதை வண்டி செய்யட்டும். பாதை திறப்பது அரசின் கடமை!