கந்தோரும் கடுமையான மேலதிகாரியும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் முன்னோர் கூறிவைத்தனர். அவ்வுத்தியோகத்தின் மேலே ஓர் அதிகாரி வீற்றிருப்பார் என்பதையும், அவருடைய முகக்குறிப்பே சில வீடுகளில் இராச் சாப்பாட்டின் சுவையை நிர்ணயிக்கும் என்பதையும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டனர். கந்தோரில் வாங்கிய ஏச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகள்மேல் இறக்கிவைப்போர் நம்மிடையே பலர். இன்று கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களில் அச்சுமை இரு வழியாலும் வந்து சேர்கிறது.

மேலதிகாரி கடுமையானவர் என்று எவரேனும் முறையிட்டால், எத்தகைய கடுமை என்று நான் முதலிற் கேட்பதுண்டு. வேலையிற் கடுமை வேறு. மனிதரிடத்துக் கடுமை வேறு. முன்னதற்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, 24 வயதினராய், அங்கு பணியேற்று 1907 வரை இருந்தார். வந்த கடிதத்துக்கு வந்த அன்றே மறுமொழி எழுதப்படல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். இலிகிதர்கள் அவரை விரும்பவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1961 ஆம் ஆண்டு வெளிவந்த ‘குரோயிங்’ என்னும் தம் சுயசரிதைப் பாகத்திலே, நன்மை செய்ய எண்ணியபோதும் தம் முறை மிகக் கடூரமாயிருந்தது என்றும், யாழ்ப்பாணத்தார் கொண்ட வெறுப்புக்குக் காரணம் இருந்தது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். அதை எழுத அவருக்கு அரை நூற்றாண்டு சென்றது. அதுவரை காத்திருக்க எந்த இலிகிதருக்கு ஆயுள் உண்டு?

எனினும் இவ்வகை அதிகாரியுடன் காலந் தள்ளலாம். அவர் கேட்குமுன் கோவையை மேசைக்கு அனுப்புதலும், தபால் பிரிக்கும் நேரத்தில் லீவுக் கடிதத்தோடு போய் நில்லாமையுமே பாதிக் கோபத்தைத் தணித்துவிடும்.

மற்றை வகையினரே உண்மையில் இடர் தருபவர். என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்த ஒருவர் கொழும்பிலே ஒரு திணைக்களத்தில் இலிகிதர். அவருடைய அதிகாரி வாயாற் கட்டளையிடுவார். பிழை நேர்ந்தால் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்பார். சிற்றூழியர் முன்னிலையிலே அவமதிப்பார். இளைஞர் இராசிநாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். தமக்கையின் கலியாணத்துக்குச் சம்பளத்தின்மேல் வாங்கிய கடன் பாதிகூடத் தீரவில்லை. “சேர், இனி அந்தப் படியேற என்னால் ஏலாது” என்றார்.

“பொறுத்துக்கொள், தம்பி” என்று சொல்வது எளிது. நான் அதைச் சொல்லவில்லை. அக்கட்டளைகளுள் எத்தனை எழுத்தில் உள்ளன என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. ஆகவே, வாய்மொழிக் கட்டளை ஒவ்வொன்றையும், “இன்று காலை தாங்கள் பணித்தவாறு” என்று தொடங்கி, திகதியோடு கோவையிற் குறிப்பெழுதி, அதை அவர் பார்வைக்கே சமர்ப்பிக்கும்படி கூறினேன். அதிற் குற்றச்சாட்டு ஒரு சொல்லும் இருத்தல் ஆகாது. அதிகாரி தனித்திருக்கும் வேளை பார்த்து, “பிழை இருந்தால் அறைக்குள் அழைத்துச் சொல்லுங்கள், ஐயா” என்று கேட்கவும் சொன்னேன். இந்த இரண்டாவதற்குத் துணிய அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

அரசாங்க சேவையில் ஒரு வினோதம்: மேலதிகாரிமீதான முறைப்பாடும் உரிய வழியாக, அதாவது பெரும்பாலும் அவர் கையூடாகவே, மேலே போகவேண்டும். 1981 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய ஒம்புட்ஸ்மன் பதவி இருக்கிறது. பொதுச் சேவை ஆணைக்குழு இருக்கிறது. எங்கு சென்றாலும் திகதியும் கோவை இலக்கமும் இல்லாதவர் பேச்சு எடுபடாது.

பெண்களிடம் தகாத முறையில் நடக்கும் அதிகாரி இவ்விரு வகையிலும் சேரார். அது தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தெளிவாகக் குற்றமாக்கப்பட்டது. அங்கே நயமும் தவணையும் வேண்டியதில்லை. வீட்டார் “வெளியே தெரிந்தால் வெட்கம்” என்று வாயை அடைக்காதிருந்தாற் போதும்.

அந்த இளைஞரின் அதிகாரி அன்பானவராக மாறிவிடவில்லை. முதற் குறிப்பைக் கண்டதும் கூச்சலிட்டாராம். ஆனால் “நான் சொல்லவில்லை” என்ற வார்த்தை நின்றுவிட்டது. ஏச்சு அறைக்குள் மட்டும் தொடர்ந்தது. அடுத்த வருடாந்த இடமாற்றத்தில் இளைஞர் வவுனியாவுக்குப் போனார். கடனில் எட்டுத் தவணை மிச்சமென்று சென்ற மாதம் எழுதியிருந்தார்.