கேட்டு நடந்தவர்கள் – 9: கிரயப் பத்திரம் எழுத மறுத்த தையல்காரர்

வாங்குகிறவர் கடையில் காத்துக்கொண்டிருந்தார். முதலாளி, கணக்கு எழுதும் இளைஞரைக் கூப்பிட்டு ஒரு கிரயப் பத்திரம் எழுதச் சொன்னார். பத்திரம் எழுதுவது அவருக்கு அன்றாட வேலைதான். ஆனால் இந்த முறை விற்கப்பட்டது ஒரு பெண். முதலாளியிடம் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண்.

அந்த இளைஞர் ஜான் வுல்மன். ஊர், அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வட அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள மவுண்ட் ஹாலி. காலம், 1740களின் தொடக்கம். 1720இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த வுல்மனுக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. எழுத மனம் ஒப்பவில்லை. ஆனால் சொன்னவர் படியளக்கும் முதலாளி. வாங்குகிறவரோ வுல்மனின் சபையையே சேர்ந்த பெரியவர். எழுதிக் கொடுத்துவிட்டார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாது என்று தான் நம்புவதை இருவரிடமும் வாய்விட்டுச் சொன்னார். சொன்னதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. எழுதியது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சில காலம் கழித்து இன்னோர் இளைஞர் இதே மாதிரிப் பத்திரத்துக்காக வந்தபோது, முடியாது என்று சொல்லிவிட்டார்.

கடவுள் தன்னிடம் பேசினார் என்று சொன்னவர்களின் வரிசையில் வுல்மனுக்குத் தனி இடம் உண்டு. அவருக்குக் கேட்ட குரல் பெரும்பாலும் கடைக்கணக்கிலும், உயிலிலும், உடுத்தும் துணியிலும்தான் கேட்டது. படை திரட்டவோ கோயில் கட்டவோ அது அவரை ஏவவில்லை.

வுல்மன் ஒரு குவேக்கர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையிலிருந்து எழுந்த சபை அது. அவர்களுடைய அக்கால வழிபாட்டில் பாதிரியார் கிடையாது, பலிபீடம் கிடையாது, பாட்டும் கிடையாது. பெஞ்சுகளில் உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்பார்கள். உள்ளே ஏவுதல் வந்தவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசலாம். யாருக்கும் வராவிட்டால் பேச்சே இல்லாமல் கூட்டம் கலையும். பொது விஷயங்களைத் தீர்மானிப்பதும் இப்படித்தான். வாக்கெடுப்பு கிடையாது, மனங்கள் ஒன்றுபடும்வரை காத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் வுல்மன் இளம்வயதில் முதன்முறையாக எழுந்து பேசினார். தனக்குத் தரப்பட்டதைவிட அதிகமாகப் பேசிவிட்டோம் என்று உடனே உணர்ந்தார். பல வாரங்கள் அந்த வேதனை அவரை விடவில்லை. எது உள்ளிருந்து எழுந்தது, எது தன் ஆர்வத்தில் தானே சேர்த்துக்கொண்டது என்று பிரித்தறிய அவர் கற்றது அந்த நாட்களில்தான். அதன்பின் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கவும் பழகினார். தெய்வ வழிநடத்துதலைப் பற்றி எழுதுகிறவர்கள் பரவசத்தை விவரிக்கும் அளவுக்கு இந்தப் பயிற்சியை விவரிப்பதில்லை. அது பெரிய குறை.

இங்கே ஒரு கேள்வி தப்பாமல் எழும். பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் வசதியான குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1688இலேயே ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நான்கு பேர் இதை எதிர்த்து எழுத்தில் கொடுத்தார்கள். அந்தத் தாள் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு நகர்த்தப்பட்டு அப்படியே நின்றுபோனது. வாரந்தோறும் அதே மௌனத்தில் உட்கார்ந்தவர்கள்தான். அவர்களுக்கு ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?

வுல்மன் இதைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார். 1746இல் ஒரு துணையோடு வர்ஜீனியா, வட கரோலினா வரை சுமார் 1,500 மைல் பயணம் செய்து, அடிமைகளின் உழைப்பில் ஓடும் வீடுகளை நேரில் பார்த்தார். அதன் விளைவாக எழுதிய கட்டுரை 1754இல் அச்சானது. பழக்கமும் ஆதாயமும் சேர்ந்து மனிதனின் நியாய உணர்வை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகின்றன என்பது அதில் அவர் வைத்த வாதம். கிடைத்துக்கொண்டிருக்கும் லாபத்துக்கு எதிராக உள்ளே ஒன்று பேசினால், அது காதில் விழாது. ஆகவே கேட்க விரும்புகிறவர் முதலில் தன் தேவைகளைக் குறைக்க வேண்டும்.

இதை அவர் தன் பிழைப்பிலேயே தொடங்கினார். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு, தையலோடு துணிமணி வியாபாரமும் அவருக்கு நன்றாகவே நடந்தது. ஆண்டுக்காண்டு வளர்ந்தது. மனைவி, மகள் என்று குடும்பம் இருந்தது. கடையைப் பெரிதாக்க யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வியாபாரம் வளர வளர உள்ளே கேட்பதற்கு இடமில்லாமல் போவதாக அவருக்குப் பட்டது. வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி வேறு கடைகளுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டார். 1756 வாக்கில் சரக்கு வியாபாரத்தை முழுதாக விட்டார். தையல் வேலையும், ஆப்பிள் கன்றுகளை ஒட்டுப்போட்டு வளர்க்கும் தோட்டமும் மிஞ்சின. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த துறவுகளில் இது கடினமான வகை என்றே தோன்றுகிறது. வீட்டையும் விடாமல், தொழிலையும் விடாமல், போதும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது.

எழுத்துவேலை மட்டும் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை அண்டை வீட்டுக்காரர் ஒருவருக்குப் பலத்த அடிபட்டு, அக்கால வைத்தியப்படி ரத்தம் எடுப்பதற்காக வுல்மனை அழைத்தார்கள். அது முடிந்ததும், அடிபட்டவர் தன் உயிலை எழுதச் சொன்னார். சொத்துக்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், தன் அடிமைப் பெண் எந்தப் பிள்ளைக்கு என்பதையும் சொன்னார். மனிதர் வலியில் கிடக்கிறார், பிழைப்பாரா என்பதும் தெரியாது. வுல்மன் அந்த ஒரு பகுதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினார். படுக்கையருகே போய்ப் படித்துக் காட்டி, ஓர் உயிரை அடிமையாக்கும் எழுத்தைத் தன் கையால் எழுத முடியாது என்று நயமாகச் சொன்னார். எழுதியதற்குக் கூலி வேண்டாம் என்றார். பிறகு இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். முடிவில் அவர் அந்தப் பெண்ணை விடுவிக்க ஒப்புக்கொண்டார். வுல்மன் உயிலை எழுதி முடித்தார்.

கண்டனம் இல்லை, பிரசங்கம் இல்லை. கடவுளின் பெயரால் அவர் பிறர்மேல் எதையும் சுமத்தவில்லை. நஷ்டத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பேசினார். ஒருவருக்குக் கேட்டது உண்மையான குரல்தானா என்று பார்க்க, இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது. 1757இல் மறுபடி தெற்கே போனபோதும் இதே வழிதான். அடிமை வைத்திருந்த வீடுகளில் தங்கினால், தனக்காக உழைத்த அடிமைகளுக்குச் சேரும்படி வெள்ளிக் காசுகளைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அடுத்து வந்தது உடை. சாயம் அழுக்கை மறைக்கிறது, அந்தச் செலவில் துணியைத் துவைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குப் பட்டது. இருந்த உடைகளைச் சில மாதம் உடுத்தித் தீர்த்து, 1762இல் ரோமத்தின் இயற்கை நிறத்திலேயே ஒரு தொப்பி வாங்கினார். அந்தச் சமயத்தில் வெளிர்நிறத் தொப்பி சிலரிடம் நாகரிகமாக இருந்தது. வுல்மனும் அதன் பின்னால் போகிறார் என்று நினைத்துச் சபையார் சிலர் விலகிப் போனார்கள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஏவுதல் என்று தோன்றியதெல்லாம் நிறைவேறியதா? இல்லை. ஒரு காலத்தில் சர்க்கரையும் ரம்மும் விற்றவர் அவர். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் படும் பாடு பின்னாளில் அவரை வாட்டியது. 1769இல் பார்படோஸுக்குப் போக வேண்டும் என்ற பாரம் உண்டாயிற்று. குவேக்கர் வழக்கப்படி சபையின் முன் வைத்தார். தன் மனதுக்குப் பட்டது என்பதற்காக மட்டும் யாரும் கிளம்பிவிடுவதில்லை. சபை ஒப்புதல் தந்தது. கப்பலின் உரிமையாளரையும் போய்ப் பார்த்தார். அடிமை வணிகத்தால்தான் கட்டணம் மலிவாக இருக்கிறது, ஆகவே கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றுகூட எண்ணியிருந்தார். கடைசியில் மனம் தெளியவில்லை. போகாமல் வீடு திரும்பினார்.

திரும்பிய சில காலத்தில், 1770 ஜனவரியில், நுரையீரல் உறை அழற்சியில் விழுந்தார். தன் பெயரே மறந்துபோகும் அளவுக்கு நோய். அந்த மயக்கத்தில் மங்கலான ஒரு திரளைக் கண்டார். அது துயரத்தில் கிடக்கும் மனிதர்கள் என்றும், அவர்களிலிருந்து இனி அவர் வேறல்ல என்றும் உணர்த்தப்பட்டது. ஜான் வுல்மன் இறந்துவிட்டதாக ஒரு மென்மையான குரல் அறிவித்தது. உடலில் உயிர் இருப்பது தெரிந்ததால் அவருக்குப் பொருள் விளங்கவில்லை. தெளிந்த பிறகுதான், இறந்தது தன் சுயசித்தம் என்று புரிந்துகொண்டார். ஊர் ஊராகப் போய் அவர் இதைப் பறைசாற்றவில்லை. இரண்டரை ஆண்டுக்குப் பிறகே எழுதிவைத்தார். ஆனால் அதே மயக்கத்தில், கிறிஸ்தவர்களுக்காகச் சுரங்கத்தில் வதைபட்டு உழைப்பவர்களையும் கண்டிருந்தார். அதன் பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் குடிப்பதை விட்டார்.

1772இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். முதல் வகுப்பு அறையின் அலங்காரச் செதுக்கல்கள் உறுத்த, கீழ்த்தளத்தில் மாலுமிகளோடு பயணம் செய்தார். லண்டனிலிருந்து வடக்கே நடந்தே போனார்; பயணிகள் வண்டிகளின் வேகத்துக்காகக் குதிரைகள் சாகடிக்கப்படுவதையும், குளிரில் அஞ்சல் சிறுவர்கள் உறைந்து மடிவதையும் கேள்விப்பட்டிருந்தார். அவசியமில்லாமல் தனக்குக் கடிதம் எதையும் அஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்லிவைத்தார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அக்டோபர் 7ஆம் தேதி, 51ஆம் வயதில் இறந்தார்.

அதற்கு 14 ஆண்டுகள் முன்னால், 1758இல், குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் அடிமை வைத்திருப்பது பற்றிய விவாதம் நீண்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்தவர் வுல்மன். அடிமை வைத்திருக்கும் சபையார் ஒவ்வொருவரையும் வீட்டுக்கே போய்ச் சந்திக்க அந்தக் கூட்டம் ஒரு குழுவை அமைத்தது. அவரும் அதில் ஒருவர். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் குழுவினர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். 1774இல் வுல்மனின் நாட்குறிப்பு அச்சில் வந்தது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களைச் சபையிலிருந்து விலக்குவது என்று அதே பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது.

(தொடரும்)