உலோகம் காட்டும் வழி: ஆல்கைன் சேர்க்கை வினைகளில் தெரிவுத்திறன்

மின்விளக்கு எங்கும் பரவாத நாளில் மலாயாவின் இரவுக் கடைகளில் கார்பைடு விளக்கு எரிந்தது. நாம் கூடியிருக்கும் இக்கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வளர்ந்த முதியோருக்கு அதன் வாடை நினைவிருக்கக்கூடும். கால்சியம் கார்பைடில் நீர் சொட்டும்போது எழும் அசெட்டிலின் வாயுவே சுடராயிற்று. (வாடை அசெட்டிலினுடையதன்று; உடன் கலந்துவரும் பாஸ்பீனுடையது.)

அசெட்டிலின், ஆல்கைன் குடும்பத்தின் மிக எளிய உறுப்பு. அதன் இரு கார்பன் அணுக்களை முப்பிணைப்பு இணைக்கிறது. இத்தகைய பிணைப்பில் வேறு அணுக்கள் வந்து சேரும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன: வினை எங்கே நிற்கும்? அணுக்கள் எப்பக்கம் சேரும்? எம்முனையில் சேரும்? கூடிய வழிகளுள் ஒன்றையே வினை மேற்கொள்ளும் இயல்பைத் தெரிவுத்திறன் என்கிறோம். அவ்வழியைப் பெரும்பாலும் உலோகமே முடிவு செய்கிறது.

ஆல்கைனோடு ஹைட்ரஜன் ஒருமுறை சேர்ந்தால் ஆல்கீன். மறுமுறையும் சேர்ந்தால் ஆல்கேன். வழக்கமான பல்லேடியம் இறுதிவரை சென்றுவிடும். 1952-இல் லிண்ட்லார் என்னும் வேதியியலாளர், கால்சியம் கார்பனேட்டின்மீது படிந்த பல்லேடியத்தை ஈயத்தால் ஓரளவு நஞ்சூட்டினார். வீரியம் குன்றிய அவ்வினையூக்கி ஆல்கீனிலேயே நின்றது. ஆல்கைன் உலோகப் பரப்பை இறுகப் பற்றிக்கொள்வதால், அது தீரும்வரை ஆல்கீனுக்கு அங்கே இடம் கிடைப்பதரிது. இரு ஹைட்ரஜன் அணுக்களும் பரப்பிலிருந்தே வருவதால் ஒரே பக்கத்தில் சேர்ந்து சிஸ் வடிவம் தருகின்றன. நீர்ம அம்மோனியாவில் கரைந்த சோடியமோ இலத்திரன்களை வழங்கி எதிர்ப்பக்க அமைப்பான டிரான்ஸ் வடிவத்தைத் தரும். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, பண்பு வேறு. புதிதாய் அறுத்த புல்லின் மணத்துக்குரிய ஹெக்சீனால் சிஸ் வடிவினது. நறுமணத் தொழிலில் அதனை ஆல்கைனிலிருந்தே இவ்வழியில் ஆக்குகின்றனர்.

மூன்றாம் வினா அசெட்டிலினுக்கு எழாது. அதன் இரு முனையும் ஒன்றே. புரொப்பைனில் எழும். 1881-இல் உருசிய அறிஞர் குச்செரோவ் கண்ட முறையில், பாதரச உப்பின் துணையால் நீர் சேரும்போது ஆக்சிஜன் நடுக்கார்பனை அடைந்து அசெட்டோன் உண்டாகிறது. முனைக்கார்பனில் ஆக்சிஜனைச் சேர்க்கும் ருத்தேனியம் வினையூக்கிகள் 1998-இல் வெளிவந்தன.

ஆயினும் முதன்மை விளைபொருளை மட்டும் கேட்கும் பாடம் நிறைவானதன்று. சப்பானின் மினமாட்டாவில் சிசோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை இதே பாதரச முறையால் அசெட்டிலினை அசெட்டால்டிகைடாக மாற்றியது. பாதரசத்தில் சிறு பங்கு மெத்தில் பாதரசமாகிக் கழிவுநீரோடு கடலையும், மீனையும், மீனுண்ட மக்களையும் அடைந்தது. அந்நரம்பு நோய் 1956-இல் அதிகாரமுறையில் அறியப்பட்டது. சமன்பாட்டில் எழுதப்படாத துணைவிளைவு அது.

அசெட்டிலினோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்ந்து வினைல் குளோரைடு ஆவதற்கும் பாதரசமே நெடுங்காலம் வினையூக்கி. அதனிடத்துக்குத் தங்கம் பொருந்தும் என்று 1985-இல் கிரகாம் ஹட்சிங்ஸ் எடுத்துக்காட்டினார். இச்சாலையின் நகைக்கடைகளில் எதனோடும் எளிதில் வினைபுரியாமையாலேயே மதிக்கப்படும் அவ்வுலோகம், இன்று அவ்வாலைகளில் பாதரசத்துக்கு மாற்றாக இடம்பெறத் தொடங்கியுள்ளது.